மியூசியம் வாக், திருவிழா டூர்னு போனப்ப மனசுல மாட்டிக்கிட்ட ஒரு விஷயம், சொல்லுங்க

பெரம்பூர் லோக்கல்:
நானே ஆரம்பிக்கறேன். போன மெட்ராஸ் வாரம் (ஆகஸ்ட்ல மெட்ராஸ் டேவை ஒட்டி நடக்கறது), எழும்பூர் மியூசியம், வெண்கலச் சிலை கேலரி. நான் சும்மா வாலன்டியர், கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு வழி தப்பற ஆளுங்களை ஓட்டிட்டு வர்ற வேலை. கைட் திருவாலங்காடு நடராஜர் முன்னாடி நின்னு மெழுகு வார்ப்பு பத்தி பேசிட்டு இருந்தாரு, வார்த்து முடிச்சதும் அச்சை உடைச்சிருவாங்க அதனால இது மாதிரி இன்னொண்ணு கிடையாதுன்னு. திரும்பிப் பாத்தா ஒரு பாட்டி செருப்பைக் கழட்டி சுவரோரமா விட்டுட்டு வெறுங்காலோட நிக்கறாங்க, மஞ்சப்பைக்குள்ளேந்து ஒரு முழம் கதம்பம் வெளிய வருது. நான் ஓடிப்போய் "பாட்டிம்மா இது கோயில் இல்ல, இங்க பூ வெக்கக்கூடாது"ன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன், மொத்த கூட்டமும் திரும்பிருச்சு. அவங்க கோச்சுக்கவே இல்ல. "தெரியும்பா, எனக்கு ஆலங்காடுதான். எங்க ஊர்க்காரரு இங்க நிக்கறாருன்னு சொன்னாங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னு சொல்லிட்டு பூவை என் கையிலயே குடுத்துட்டாங்க. காலைல அரக்கோணம் லோக்கல் புடிச்சு வந்திருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அந்தப் பூவைக் கைல வெச்சிக்கிட்டே சுத்தினேன், குப்பைத்தொட்டில போட மனசு வரல, எங்க வெக்கறதுன்னும் தெரியல. கடைசில பைக் ஹேண்டில்ல சுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செம்புத்தகடு:
நீங்க தடுத்தது சரிதான் ப்ரோ, அதுல என்ன ஃபீலிங்கு. பூ, எண்ணெ, குங்குமம் எல்லாம் உலோகத்துக்கு ஆகாது. ஆனா இப்ப அடுத்து ஒருத்தர் வந்து "சாமியை கோயில்லேருந்து புடுங்கிட்டு வந்து கண்ணாடிக்குள்ள அடைச்சிட்டாங்க"ன்னு ஆரம்பிப்பாரு, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். மியூசியத்துல இருக்கற செப்புத் திருமேனில நிறைய மண்ணுக்கடியில கிடைச்சது. படையெடுப்புக்கு பயந்து அந்தக் காலத்துல புதைச்சு வெச்சது, பின்னாடி வீடு கட்ட கடைக்கால் தோண்டும்போதும் வயல்ல உழும்போதும் வந்தது. 1878லயே புதையல் சட்டம் போட்டாச்சு, கிடைச்சா கலெக்டருக்கு சொல்லணும். நாகப்பட்டினத்துல மட்டும் முன்னூத்துக்கும் மேல பௌத்தச் சிலை வந்திருக்கு, அதுல நிறைய எழும்பூர்லதான் இருக்கு, அதை எந்தக் கோயில்ல கொண்டு போய் வெக்கறது சொல்லுங்க?

பெரம்பூர் லோக்கல்:
நான் சட்டமே பேசல சார். கத்தினதைப் பத்தி சொன்னேன்.

ரெண்டு பசங்க அம்மா:
எங்களுது செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியம். லீவுல ஒரு ஹிஸ்டரி டூர் போட்டிருந்தாங்க, உள்ள போறதுக்கே செக்கிங், பேகைத் திற, தண்ணி பாட்டிலைக் காட்டு, சின்னவன் அப்பவே அழ ஆரம்பிச்சிட்டான். 1947ல கோட்டைல ஏத்தின கொடி அங்க இருக்குன்னுதான் பெரியவனைக் கூட்டிட்டுப் போனேன். அவன் என்னடான்னா படிக்கட்டுகிட்ட இருக்கற கார்ன்வாலிஸ்ங்கற பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் சிலையை விட்டு நகரவே மாட்டேங்கறான். (நம்ம தேனாம்பேட்டை செனடாப் ரோடுக்கு பேர் வந்ததே இந்த ஆளுக்குக் கட்டின செனடாப், அதாவது நினைவு மண்டபத்தாலதான், இதுகூட எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.) பீடத்துல திப்பு சுல்தான் ரெண்டு பசங்களையும் பணயமா ஒப்படைக்கறதை செதுக்கி வெச்சிருக்காங்க. கைட் "1792, மூணாவது மைசூர் போர்"னு ஒரே வரில சொல்லிட்டு மாடிக்கு ஏறிட்டாரு. இவன் என் துப்பட்டாவைப் புடிச்சு இழுத்து, "அம்மா, அவங்க அப்பா திரும்ப கூட்டிட்டுப் போனாரா?"ங்கறான். எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லாம "வா வா எல்லாரும் போயிட்டாங்க பாரு"ன்னு இழுத்துட்டுப் போயிட்டேன். ராத்திரி தூக்கம் வரல, தேடிப் படிச்சேன். மெட்ராஸ்லதான் வெச்சிருந்திருக்காங்க, கேட்ட பணத்தைக் கட்டின அப்புறம் 1794ல திருப்பி அனுப்பியிருக்காங்க. காலைல டிபன் பாக்ஸ் கட்டும்போது சொன்னேன், "யாரும்மா?"ன்னு கேட்டுட்டு ஷூ லேஸ் கட்டப் போயிட்டான்.

ராயபுரம் எம்டன்:
என் பேருக்கான காரணமே ஒரு மியூசியம் கதைதான். சின்ன வயசுல தாத்தா என்னை "டேய் எம்டன்"னுதான் கூப்டுவாரு, எதாச்சும் ஒடச்சா "எம்டன் வந்துட்டான்"பாரு. நான் அது ஏதோ கெட்ட வார்த்தைன்னு நெனச்சுட்டு இருந்தேன். காலேஜ் முடிச்சப்புறம் ஒரு மியூசியம் வாக்ல எழும்பூர்ல ஒரு துருப்புடிச்ச இரும்புத் துண்டைக் காட்டி எம்டன் கப்பல் போட்ட குண்டுன்னாங்க, எனக்கு குபீர்னு சிரிப்பு வந்துருச்சு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல், நூத்துக்கும் மேல குண்டு, ஹார்பர் எண்ணெ டேங்க் பத்தி எரிஞ்சு ஊரே மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு ஓடிருக்கு. ஹைகோர்ட் சுவர்லயும் கல்வெட்டு இருக்கு. பக்கத்துல நின்ன லேடி "செத்தவங்க இருக்காங்க, என்ன சிரிப்பு"ன்னாங்க. எப்படி விளக்கறது, தாத்தா போய் மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு.

கட்டணம் கட்டினவன்:
எல்லாரும் உருகறீங்க, நான் வயித்தெரிச்சல் சொல்றேன். ஏதோ ஒரு குரூப், பேர் வேணாம், "மியூசியத்துக்கு ஆதரவு" அப்டின்னு போஸ்டர் போட்டு தலைக்கு 600 ரூவா வாங்கினாங்க. நானும் வொய்ஃபும் 1200. வரச்சொன்னது வெள்ளிக்கிழமை. எழும்பூர் பாந்தியன் ரோடுல மியூசியம் கேட் மூடியிருக்கு. அந்தப் பையன் அசரவே இல்ல, பிளாட்பாரத்துலயே மைக்கை மாட்டிக்கிட்டு "இப்போ நாம பார்ப்பது 1851ல் தொடங்கிய அருங்காட்சியகம், கல்கத்தாவுக்கு அடுத்து நாட்டிலேயே பழசு"ன்னு ஆரம்பிச்சான். பார்த்தது கேட்டைத்தான். பஸ் ஹாரன் அடிக்கறான், எங்கள்ல பாதி பேருக்கு கேக்கல. உள்ளேந்து வாட்ச்மேன் எட்டிப் பாத்து "வெள்ளிக்கிழமை லீவுன்னு எழும்பூர்ல காக்காய்க்குக் கூட தெரியுமே சார்"ன்னாரு. பணம் கேட்டா, அது மியூசியத்துக்கான பங்களிப்பு, திரும்ப வராதுன்னுட்டான். மூடின மியூசியத்துக்கு என்ன பங்களிப்பு?

நடைராஜா:
நான் பத்து வருஷமா வாக் போறேன், ஒரு தடவை திருவல்லிக்கேணில செருப்பு அறுந்து மொட்ட வெயில்ல நடந்தது தவிர எனக்கு பெருசா சம்பவம் இல்ல. ஆனா மேல படிச்சப்ப சில விஷயம் சொல்லணும்னு தோணுச்சு. ஒண்ணு, வெள்ளிக்கிழமை எழும்பூரும் லீவு கோட்டை மியூசியமும் லீவு, முட்டுக்காடு தட்சிணசித்ரா (பழைய வீடுக இருக்கற மியூசியம்) செவ்வாய் லீவு, இதைப் பாக்காம யாரும் காசு கட்டாதீங்க. அப்புறம் காசு யாருக்குப் போகுதுன்னு முன்கூட்டியே கேளுங்க, கூச்சப்படாதீங்க, நுழைவுச்சீட்டு இதுல சேர்த்தியா இல்லையான்னு கேட்டாலே பாதி ஆள் வழிய ஆரம்பிச்சிடுவான். அரசு மியூசியத்துக்கு உண்மையிலேயே ஏதாவது செய்யணும்னா கவுன்ட்டர்ல டிக்கெட் வாங்கிட்டு உள்ள போங்க, கேமராவுக்குத் தனி டிக்கெட்னா அதையும் வாங்குங்க, வருகைப் பதிவேடு இருந்தா கையெழுத்து போடுங்க, ஆள் வராத கேலரியை யாரும் கவனிக்க மாட்டாங்க. தட்சிணசித்ரா கதை வேற, அது ஒரு அறக்கட்டளை நடத்தறது, அங்க பொங்கல் நவராத்திரி டைம்ல போய் டிக்கெட் எடுத்து ரெண்டு பானை வாங்கினா அது நேரா அவங்களுக்குத்தான் போகும். ஆகஸ்ட் வெயிலுக்கு மோர் எடுத்துட்டு போங்க. பாட்டிங்களைக் கூட்டிட்டுப் போனா முன்னாடியே பக்குவமா சொல்லிடுங்க, தம்பி மாதிரி அங்க போய் கத்தக்கூடாது. இன்னொண்ணு, மெட்ராஸ் டே 1639 ஆகஸ்ட் 22ன்னு சொல்றதுலயே ஜூலையா ஆகஸ்டான்னு சண்டை இருக்கு, அது வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இடம் குடுத்த தேதி அவ்ளோதான், மயிலாப்பூர் அதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே இருக்கு, அதனால ஊருக்கு பர்த்டேன்னு கேக் வெட்டறவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்பா வரும்.

பெரம்பூர் லோக்கல்:
நன்றி சார். செருப்பு அறுந்த கதையை முழுசா சொல்லிருக்கலாம்.

செம்புத்தகடு:
நடைராஜா சார், கேக் வெட்டறவன் வெட்டிட்டுப் போறான், அந்த ஒரு வாரத்துலதான் பாதி சென்னைக்கு மியூசியம்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வருது. எனக்கும் அப்படித்தான். பல்லாவரத்துலயே பொறந்து வளந்தேன், 1863ல எங்க ஊர்ல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற வெள்ளைக்கார புவியியல் ஆய்வாளர் கல்லுல செஞ்ச கைக்கோடாரி கண்டெடுத்தாரு, இந்தியாவுல கற்கால ஆராய்ச்சி அங்கேருந்துதான் கிளம்புச்சுன்னு எழும்பூர்ல அவர் சேத்த கல்லுங்க முன்னாடி நின்னப்பதான் தெரிஞ்சுது. அத்தனை வருஷமா எங்க ஊர் ஃபேமஸ்னா வெள்ளிக்கிழமை சந்தைன்னுதான் சொல்லிட்டு இருந்தேன்.

வளவு வீடு:
சண்டைக்கு நடுவுல எங்க அப்பச்சி (அப்பா) கதை. நவராத்திரிக்கு கொலு பாக்கலாம்னு தட்சிணசித்ரா கூட்டிட்டுப் போனேன், ஈசிஆர்ல டிராஃபிக், வர்றப்பவே அலுத்துக்கிட்டாக. அங்க இருக்கற வீடுக நெறைய செட்டு இல்ல, ஊர்ல நெசமா இருந்த வீட்டைப் பிரிச்சு கொண்டாந்து திரும்ப எழுப்பினது. செட்டிநாட்டு வீட்டுக்குள்ள போனதும் அப்பச்சி பேச்சு நின்னுருச்சு. தேக்குத் தூணை ஒரு சுத்து சுத்தி வந்தாக, உள்ளங்கையால தடவினாக, அப்புறம் விரலை மடக்கி மூணு தட்டு தட்டி காதை வெச்சுக் கேட்டாக. மரம் வாங்கப் போனா அப்டித்தான் தட்டிப் பாப்பாகளாம். எங்க வீட்டை நாங்க பிரிச்சு வித்து இருவது வருஷம் ஆச்சு, பங்காளிக எட்டு பேர், யாருக்கும் பராமரிக்க வழியில்ல, கதவு நிலை தூண் எல்லாம் லாரில காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போச்சு. அங்க நின்ன கைட் பொண்ணு பர்மா தேக்குன்னு சொல்ல ஆரம்பிச்சுது, அப்பச்சி மெதுவா "இத எவ்வளவுக்கு வாங்குனீக?"ன்னு கேட்டாக. அந்தப் பொண்ணு ஏதோ ஜோக்னு நெனச்சு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் கொலு பக்கம் வரவே இல்ல, திண்ணைல உக்காந்துட்டாக, மூடற நேரம் ஆகி நான்தான் கையப் புடிச்சு எழுப்பினேன்.

ரெண்டு பசங்க அம்மா:
ஐயோ. இதைப் படிச்சிட்டு இப்ப எங்க அப்பாவுக்கு போன் பண்ணிட்டு வரேன்.

நடைராஜா:
வளவு வீடு, மீதி சாமான் ஏதாவது இருந்தா கரையான் மருந்து அடிச்சு வைங்க. வித்த கடை பேர் ஞாபகம் இருந்தா இப்பவும் போய் விசாரிக்கலாம், தூண்ல ஆசாரி குறி ஏதாவது இருக்கும்.

வளவு வீடு:
விசாரிச்சாச்சு சார். மூணு கை மாறிருச்சு.

பெரம்பூர் லோக்கல்:
அந்தப் பாட்டி நம்பர் வாங்கியிருக்கணும்னு நெனச்சிட்டே இருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை லோக்கல் ஏறி ஆலங்காடு போய்ட்டு வந்தேன், பூ வாங்கிட்டுதான் போனேன். கோயில்ல யாரைக் கேக்கறதுன்னு தெரியல, மஞ்சப்பை பாட்டின்னா ஊருக்கு நூறு பேர்.

கட்டணம் கட்டினவன்:
நடைராஜா அண்ணே, வெள்ளிக்கிழமை லீவுன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி. ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா 1200 மிச்சம்.