தாத்தாவின் ஐசி படத்தில் ஒரு தோள்

சிப்புட் பேத்தி:
எங்களுடையது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம். 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் கொண்டுவந்தது, பின்னாலேயே ஐசி என்கிற அடையாள அட்டையும் வந்தது. 12 வயது ஆனவர்களுக்கெல்லாம் படம், கைநாட்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலருக்கு அதுதான் முதல் போட்டோ.

தாத்தா படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சேலை போட்ட ஒரு தோள் தெரியும். யாரோ என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஆயா (பாட்டி) சொன்னார்: "அது நான்தான். அடுத்த ஆளுன்னு பக்கத்திலேயே நிக்க வச்சாங்க." அவருடைய அந்த ஐசி எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த வயதில் எடுத்த வேறு படமும் இல்லை. மலாயன் பிலிம் யூனிட் என்கிற அரசு நிறுவனம் எடுத்த படங்களை வண்டியில் கொண்டுவந்து திடலில் போடுவார்களாம். பட்டாளம், காடு, முள்வேலி எல்லாம் வருமாம். "எங்க மூஞ்சி எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அதிலிருந்து மனசே சரியில்லை.

கிள்ளான் மகன்:
எங்கள் வீட்டில் 1969. மே 13 இனக்கலவரம் நடந்து சில வாரத்தில் அம்மா கல்யாணம். அப்போதைய பிரதமர் துங்கு டிவியில் பேசியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அந்தக் காலம் என்றால் ஆல்பத்தில் உள்ள ஒரே படம்தான். அப்பா தாலி கட்டுகிறார், பின்னால் பந்தியில் இலை போட்டிருக்கிறது, உட்கார ஆள் இல்லை. ஊரடங்கு தளர்ந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வெளியூர்ச் சொந்தம் எப்படி வரும்? எத்தனை இலை என்று எத்தனையோ முறை எண்ணிவிட்டேன்.

ரவாங் தம்பி:
அண்ணே, உங்களுக்குப் படமாவது இருக்கிறது. 2007 நவம்பர் 25, இந்தியர் உரிமைக்காக இண்ட்ராப் அமைப்பு நடத்திய பேரணிக்குத் தோட்டத்திலிருந்து வேனில் போனோம். கண்ணீர்ப்புகை, தண்ணீர் அடி. காந்தி படம் வைத்திருந்த ஒரு அம்மா, நனைந்த முந்தானையால் தன் கண்ணைத் துடைக்கவில்லை, படத்துக் கண்ணாடியைத் துடைத்தார். போனில் எடுத்தேன். டிசம்பரில் தலைவர்கள் ஐந்து பேரை, விசாரணை இல்லாமல் அடைக்கும் ஐஎஸ்ஏ சட்டத்தில் பிடித்ததும் பயந்து அழித்துவிட்டேன். அன்றிரவு நான் பார்த்த செய்தியில் அந்த அம்மா மாதிரி ஒருவரும் இல்லை. டிவியை நம்பி என்ன பயன்?

ஈப்போ அக்கா:
தம்பி, அப்படி ஒரேயடியாகச் சொல்லாதே. 2018 மே 9 இரவு, சுதந்திரத்திலிருந்து ஆண்ட கூட்டணி தோற்ற அந்தத் தேர்தல் முடிவுக்கு நடுநிசி தாண்டியும் காத்திருந்தோமே, அப்போது என் மகன் டிவித் திரையையே போனில் வீடியோ எடுத்தான். திரை மங்கல்தான். ஆனால் பின்னால் என் வீட்டுக்காரர் "61 வருசம்மா" என்கிற குரல் இருக்கிறது. இப்போது அவர் இல்லை.

எல்லாரும் கேளுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு படம் எடுங்கள். பின்னால் பேனாவால் எழுதினால் மை ஊறிவிடும், பென்சில்தான் சரி. லேமினேட் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் தெளிவு போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். அப்புறம் சிப்புட் பிள்ளை, படத்தை ஆயா கையில் கொடுத்துப் பேசவிட்டு, குரலைப் பதிவு செய்யம்மா. தள்ளிப் போடாதே.

சிப்புட் பேத்தி:
நேற்றே செய்துவிட்டேன் அக்கா. சேலை வெள்ளை இல்லையாம். மஞ்சளாம், கல்யாணமான புதுசு.