பங்களா சாமான் விற்பனையில் எடுத்த கார்ட் ஆர்கன்: பஜனைக்கு உதவுமா, பழைய இரும்புக்கா?

ஹட்டன் குளிர்: நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவில் பழைய சாமான்களை விற்றார்கள். நான் மேசையில் வைக்கும் ஒரு கார்ட் ஆர்கனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். 8,000 ரூபாய். வலது கைக்குக் கட்டைகள், இடது கைக்கு 12 பொத்தான்கள். பின்னால் உள்ள தகட்டில் மேக்னஸ், நியூ ஜெர்சி என்று இருக்கிறது. இன்னும் கரண்டில் செருகவில்லை. எங்கள் தோட்டப் பிரிவு (டிவிஷன்) கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு இதை வைக்கலாமா? வீட்டில் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள்.

தலவாக்கலை மிருதங்கம்: வீட்டில் சொன்னதைக் கேளுங்கள் தம்பி. அந்தப் பொத்தான்களில் ஆறு மேஜர் கார்ட், ஆறு மைனர் கார்ட். கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம். மேற்கத்திய பாட்டை நாலு நாளில் வாசிக்கப் பழக்குவதற்குச் செய்த பெட்டி அது. கட்டைக்கு ஒரு எண், புத்தகத்திலும் அதே எண். ஒருவர் சி சுருதியில் தோடி ராகம் ஆரம்பிக்கும்போது நீங்கள் சி மேஜரை அமுக்கினால், அவருடைய சாதாரண காந்தாரத்தின் (தாழ்ந்த ‘க’) தலையில் அந்தர காந்தாரம் (உயர்ந்த ‘க’) போய் உட்காரும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹார்மோனியத்தையே ஆல் இந்தியா ரேடியோ 1940இல் தள்ளிவைத்தது, 1971 வரை. இது அதைவிட ஒரு படி கீழே. பாவித்த கீபோர்ட் ஒன்று எடுத்திருக்கலாம்.

பதுளை சோல்டரிங்: ராகச் சண்டை அப்புறம். தம்பி, சுவரில் செருகிவிடாதே! அமெரிக்கச் சாமான் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. மோட்டார் புகைந்துவிடும். உள்ளே இருப்பது ஒரு மின்விசிறியும், அந்தக் காற்றில் அதிரும் ரீடுகளும் (மெல்லிய நாக்குத் தகடுகள்) தான். ஹார்மோனியத்தில் கை செய்யும் வேலையை மோட்டார் செய்கிறது, அவ்வளவே. ட்ரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸ் 50ஆகவே இருக்கும். ஹெர்ட்ஸ் குறைந்தால் வோல்ட்டையும் அதே அளவில் குறைக்க வேண்டும். அதனால் 120க்குப் பதில், ஜப்பான் சாமான்களுக்கு விற்கிறார்களே, அந்த 100 வோல்ட் ட்ரான்ஸ்பார்மரை எடு. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறாது. விசிறி ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சத்தம் கொஞ்சம் குறையும். சுருதி பெரிதாக இறங்காது, அது ரீடின் நீளத்திலும் கனத்திலும் இருக்கிறது.

தலவாக்கலை மிருதங்கம்: 8,000க்கு வாங்கி, ட்ரான்ஸ்பார்மருக்கு இன்னொரு செலவா? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது எங்கள் பஜனையைத் தாங்கியது கைத்துருத்தி ஹார்மோனியம்தான்.

பண்டாரவளை அக்கா: மிருதங்க அண்ணே, பொத்தான் பக்கமே போக வேண்டாம். வலது பக்கத்தில் ஸ, ப இரண்டு கட்டைகளை மட்டும் அமுக்கி, இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிடுங்கள். சுருதிப்பெட்டி தயார். கை வலிக்காது, துருத்தி மூச்சு வாங்காது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு ஸ என்பது சி, பெண்கள் ஐந்து கட்டையில் பாடினால் ஜி. என் அம்மா சபையில் இப்படித்தான் வருஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

தலவாக்கலை மிருதங்கம்: அதற்கு போனில் சுருதி இருக்கிறதே, இலவசமாக!

பண்டாரவளை அக்கா: இருபது பேர் கைத்தாளம் போடும் இடத்தில் போன் சத்தம் யாருக்குக் கேட்கும்?

தலவாக்கலை மிருதங்கம்: சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசிறி இரைச்சலும் கூடவே கேட்கும், அதையும் சொல்லுங்கள். தோடி விஷயத்தில் நான் நகரமாட்டேன்.

பதுளை சோல்டரிங்: நம் ஊர்ப் பனிதான் இதற்கு எமன். அடிப்பலகையைக் கழற்றிப் பார். கட்டைக்கு அடியில் உள்ள பஞ்சு பிசுபிசுவென்று ஆகியிருந்தால் காற்று கசியும், அமுக்காமலே ஒரு சுரம் அழும். மெல்லிய ஃபெல்ட் துணி (அழுத்திய கம்பளி) வெட்டி ஒட்டலாம். சத்தம் வராத ரீட் செத்துவிட்டது என்று நினைக்காதே, பாதிக்குப் பாதி தூசிதான். மெல்லிய தாளை நுழைத்து இழு. சுரண்டவே கூடாது, நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், போனது போனதுதான்.

ஹட்டன் குளிர்: கழற்றிவிட்டேன். எலிக்கூடு ஒன்று, இரண்டு கரப்பான், 1970ஆம் ஆண்டு ஐந்து சத நாணயம் ஒன்று. ரீடுகள் பித்தளைதான், பச்சை பிடிக்கவில்லை. பஞ்சு பசையாக ஓடிவிட்டது. 100 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் ஹட்டன் பஸ் நிலையப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும், யாராவது சொல்லுங்கள். மிருதங்க அண்ணே, அடுத்த வெள்ளி வருவீர்களா? தோடி வேண்டாம், மோகன ராகம் பாடச் சொல்கிறேன்.

தலவாக்கலை மிருதங்கம்: மோகனம் என்றால் சி மேஜரும் ஒட்டும், அது தெரிந்துதான் கேட்கிறீர்கள். வருகிறேன். ஹார்மோனியத்தையும் கொண்டு வருவேன், கரண்டை நம்ப முடியாது.