கலையில் முதுகலை: தோட்டத்தை ஈடு வைத்து லண்டன் போவதா, பரோடாவுக்கு எழுதுவதா?

தாண்டிக்குடி மை:

எல்லோருக்கும் வணக்கம். நான் தாண்டிக்குடிப் பக்கம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியத்தில் பி.எஃப்.ஏ. முடித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். ஓவியம் படித்தாலும் எனக்கு மனம் ஒட்டியது வுட்கட்டில்தான், அதாவது மரப்பலகையில் படம் செதுக்கித் தாளில் அச்செடுப்பதில். எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் மரங்கள் சில காற்றில் சாய்ந்தன. அவற்றை வத்தலக்குண்டில் பலகையாக அறுத்து வாங்கி வந்தோம். அந்தப் பலகைகளில்தான் இப்போது செதுக்குகிறேன். இங்கே அச்செடுக்க ப்ரெஸ் இயந்திரம் கிடையாது. மை உருட்டி, தாளை மேலே விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத்தான் அச்செடுக்கிறேன். பெரும்பாலும் காப்பிப் பழம் எடுக்க வருகிற பெண்கள்தான் என் படங்களில் இருப்பார்கள். இடுப்பில் சாக்கு கட்டி, கிளையை வளைத்துப் பிடித்தபடி நிற்பார்கள். ஊருக்கு வெளியே உள்ள கற்திட்டைகளையும் செதுக்கியிருக்கிறேன்.

அடுத்து முதுகலை படிக்க ஆசை. கோவையில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். லண்டனில் ஓராண்டு எம்.ஏ., கட்டணம், தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து 28 லட்சம் ஆகும் என்றார்கள். கடன் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பி, ஊடே மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல், "தோட்டத்தை ஈடு வைக்கலாம், நீ படி" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அவன் படிப்பும் இருக்கிறது.

இந்த முதுகலைப் பட்டம் எனக்கு உண்மையிலேயே தேவையா? இந்தியாவில் படித்தால் போதுமா? வெளிநாட்டுக்குக் கடன் இல்லாமல் போக வழி உண்டா? இன்னொன்று, பல இடங்களில் விண்ணப்பக் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரி என்று இருக்கிறது. அது எங்களுக்குப் பழம் எடுக்கும் காலம். வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கல்லச்சு, கோத்தகிரி:

தங்கச்சி, நான் சென்னையில் இளங்கலை, பரோடாவில் அச்சுக்கலையில் எம்.வி.ஏ. முடித்தவள். இப்போது கோத்தகிரியில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு ப்ரெஸ் வைத்திருக்கிறேன். உன் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

லண்டனா, பரோடாவா என்று ஊர்ப் பெயரை வைத்து யோசிக்காதே. நம் வேலைக்குப் பட்டறைதான் எல்லாம். ஆகவே எந்த இடமானாலும் இதைக் கேள்: அங்கே ப்ரெஸ் எத்தனை, ஒரு மாணவருக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும், இரவு எத்தனை மணி வரை பட்டறை திறந்திருக்கும், அமில அறையில் கூட நின்று பார்க்க ஆள் உண்டா, லித்தோ கல் இருக்கிறதா. இதற்குப் பதில் சொல்லாத இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

லித்தோ கல்லை நீ தொட்டிருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். அது ஒருவகைச் சுண்ணாம்புக் கல், அதன் மேல் வரைந்து அச்செடுப்போம். பெரிய கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பழைய படத்தை அழிக்க, கல் மேல் கார்போரண்டம் தூளைத் தூவி, தண்ணீர் விட்டு, இன்னொரு கல்லை மேலே வைத்து எட்டுப் போடுவதுபோல் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். தூள் நைய நையச் சத்தம் இறங்கி, மேல்கல் வழுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். அப்போது கழுவிவிட்டு மறுபடி புதுத் தூள். கடைசியில் கல்லை விரல் நுனியால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு கைக்குத் தெரியும். அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள க்ரேயானால் வரைந்து, கருவேலம்பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூச வேண்டும். எத்தனை சொட்டு என்பதை எந்தப் புத்தகமும் உனக்காகத் தீர்மானிக்காது. படத்தின் கருமை, அன்றைய வெயில், ஈரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று யாராவது காட்டித் தந்தால்தான் இது வரும். இதற்காகத்தான் முதுகலை தேவை என்கிறேன். உன்னிடம் ஏற்கெனவே கையும் கண்ணும் இருக்கின்றன. கல்லும் ப்ரெஸ்ஸும் கற்றுத்தர ஆளும் இரண்டு வருடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓராண்டுப் படிப்பில் அமிலம் பழகும் முன்பே இறுதிக் கண்காட்சி வந்துவிடும்.

இனி இடங்கள். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு 1950-இல் தொடங்கியது. ஜோதி பட் அச்சுக்கலை கற்பித்த இடம். சாந்திநிகேதனின் கலாபவனம் 1919-இல் தொடங்கியது. அங்கே அச்சுக்கலைத் துறையை வளர்த்தவர் சோம்நாத் ஹோர். 1940-களில் வங்காளப் பஞ்சத்தையும், தெபாகா விவசாயிகள் போராட்டத்தையும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களையும் வரைந்தவர், மரத்தில் செதுக்கியவர். பழம் எடுக்கும் பெண்களைச் செதுக்குகிற நீ அவருடைய மரச்செதுக்குகளை அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். அவர் உழைப்பவர்களின் முதுகைச் செதுக்கிய விதம் உனக்கு நிறையச் சொல்லும். கலாபவனத்தில் வளாகமே ஒரு பாடம். ராம்கிங்கர் பைஜ் சிமென்டும் செம்மண் சரளையும் கலந்து 1938-இல் செய்த சந்தால் குடும்பம் என்ற சிற்பம் மரத்தடியில் நிற்கிறது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போவாய். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சரோஜினி நாயுடு கலைப் பள்ளி இருக்கிறது. நம் சென்னைக் கல்லூரியும் இருக்கிறது, 1850-இல் தொடங்கியது. சென்னையைக் குறைத்து எண்ணாதே. ஆனால் ஒரே மாநிலத்தில் இரண்டு பட்டமும் வாங்குவதைவிட வெளியே போய்ப் பார்ப்பது உனக்கு நல்லது என்பது என் எண்ணம்.

செலவு? மத்தியப் பல்கலைக்கழகங்களில் வருடக் கட்டணம், தனியார் கல்லூரி ஒரு செமஸ்டருக்கு வாங்குவதைவிடக் குறைவு. விடுதி கிடைத்துவிட்டால் சாப்பாடும் சமாளிக்கலாம். காசு கரைவது பொருளில்தான். ஜிங்க் தகடு, நல்ல பருத்தித் தாள், மை. நான் படித்தபோது விடுதி, மெஸ், பொருள் எல்லாம் சேர்த்து மாதம் பத்தாயிரத்துக்குள் அடக்கினேன். இப்போது அதைவிடக் கூடும். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேராக வடோதரா (பரோடாவின் இப்போதைய பெயர்) போகிறது, மாற வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும்போது எந்த வகை இடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று அறிவிப்பில் நன்றாகப் பார். சில இடங்களில் கியூட் பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள், அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.

வெளிநாட்டுக்குக் கடன் இல்லாமல் போக வழி உண்டா என்றால், உண்டு. ஆனால் அந்த ஏஜென்சி அதைச் சொல்லாது. அமெரிக்காவில் பெரிய தனியார் கலைப் பள்ளிகளில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல். ஆனால் சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) மாணவர்களுக்கு இளங்கலை வகுப்பு எடுக்கும் வேலை தந்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப் படியும் தருவார்கள். இடம் குறைவு, போட்டி அதிகம். அந்தக் கடிதம் கையில் வந்தால் மட்டும் போ. பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று வந்தால், மீதிப் பாதியே உங்கள் தோட்டத்தை விழுங்கிவிடும். லண்டனே வேண்டும் என்றால் ராயல் அகாடமி ஸ்கூல்ஸில் மூன்றாண்டுப் படிப்புக்குக் கட்டணமே கிடையாது. எடுப்பது மிகச் சிலரைத்தான், தங்கும் செலவுக்கும் வழி தேட வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசு அகாடமிகளில் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோவை மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும், ஜெர்மன் மொழியும் வேண்டும். இதற்கு இரண்டு வருடத் தயாரிப்பு தேவை.

தேதி பற்றி. பழம் எடுக்கும் காலத்தில் விண்ணப்ப வேலையை வைத்துக்கொள்ளாதே. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பத்தோடு அனுப்பும் படத் தொகுப்பை, அதாவது போர்ட்ஃபோலியோவை முடித்துவிடு. அக்டோபர் மழை வந்துவிட்டால் உங்கள் பக்கமும் எங்கள் பக்கம் மாதிரிதான், தாளில் பூஞ்சை பிடிக்கும், மை காயவே காயாது. அச்சுகளைக் கேமராவில் படம் பிடிக்க நம் மலை நல்ல இடம். மெல்லிய மேகம் மூடிய காலையில், திண்ணையில் தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, கேமராவை நேர் எதிரே நிறுத்தி எடு. நிழலே விழாது. பெரும்பாலும் 15 முதல் 20 படம் கேட்பார்கள். எல்லாவற்றையும் திணிக்காமல் பழம் எடுக்கும் பெண்கள் வரிசையை முழுதாக வை. ஏன் படிக்க விரும்புகிறாய் என்று எழுதும் நோக்க உரையில், மிளகுக்கொடி ஏறிய மரம் எப்படிப் பலகையானது என்று நீ இங்கே எழுதியதை அப்படியே எழுது. சிறு வயதிலிருந்தே கலை ஆர்வம் என்று தொடங்கும் கடிதங்கள் அவர்கள் மேசையில் கட்டுக்கட்டாக இருக்கும்.

வங்கி மேசை, திண்டுக்கல்:

கல்விக் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். கலை பற்றி எனக்குத் தெரியாது, கணக்கை மட்டும் சொல்கிறேன்.

பொதுவான கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும். கடன் கட்டாதவர் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுக்க வழி தரும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விவசாய நிலத்தை எடுக்க முடியாது என்பதால் பல வங்கிகள் தோட்டத்தை ஈடாக ஏற்கத் தயங்கும், வீடோ மனையோ கேட்கும். அங்கேதான் தனியார் நிதி நிறுவனங்கள் நுழைகின்றன. ஏஜென்சி "நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்றால் யாரிடம், என்ன வட்டி, எதன் மேல் பத்திரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

28 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் 10 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 37,800 ரூபாய். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை என்பார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே எடுத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டில் மட்டும் 5.88 லட்சம். அதையும் அசலில் சேர்த்தால் தவணை 45,700-ஐத் தொடும். காப்பி விலை நன்றாக இருக்கும் வருடத்தை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். காய்ப்பு குறைந்த வருடத்தை வைத்துப் போடுங்கள்.

கிரீம்ஸ் ரோடு:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் இளங்கலையோடு நிறுத்திவிட்டு, சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் வேலை செய்தேன். அச்சுக்கலை, சிற்பம், பீங்கான் எல்லாவற்றுக்கும் பட்டறை உண்டு, கட்டணம் சொற்பம். மூத்தவர்கள் பக்கத்திலேயே வேலை செய்வார்கள், கேட்டால் சொல்லித் தருவார்கள். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கும் எழுதிப் போடுங்கள். 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. பட்டம் எதற்கு என்று முதலில் தெளிவாகுங்கள். கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்றால் பொதுவாக முதுகலையும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் காட்சிக்கலைப் பாடமும் கேட்பார்கள். படம் செய்து வாழ வேண்டும் என்றால் யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை.

பண்ணைக்காடு காப்பி:

அம்மாடி, உன் அப்பா யோசிக்காமல் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். நானும் ஒரு பெண்ணுக்கு அப்பன்தான். அவர் பல ராத்திரி யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். இங்கே வந்த பதில்களை அவரிடம் வாசித்துக் காட்டு. தோட்டத்தைத் தொடாமலே நீ படிக்க வழி இருக்கிறது என்று அவருக்கும் தெரியட்டும்.

தாண்டிக்குடி மை:

எல்லோருக்கும் நன்றி. கல்லச்சு அக்கா, உங்கள் பதிலை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வங்கி மேசை சார் போட்ட கணக்கையும் சொன்னேன். 45,700 என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பரோடாவுக்கு எந்த ரயில் என்று சொன்னாய்?" என்று கேட்டார். பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் மூன்றுக்கும் எழுதப் போகிறேன். கிரீம்ஸ் சாலை மையத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இடம் எங்கும் கிடைக்காவிட்டால் அங்கே சேர்வேன். லண்டன் ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

ஒரு சந்தேகம். கரண்டியால் தேய்த்து எடுத்த அச்சுகளில் கருமை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, மரத்தின் ரேகை தெரிகிறது. இதையெல்லாம் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா? ப்ரெஸ் கிடைக்கும் இடத்துக்குப் போய் மறுபடி எடுத்துத்தான் அனுப்ப வேண்டுமா?

கல்லச்சு, கோத்தகிரி:

தாராளமாக வை. கையால் தேய்த்தது என்று கீழே குறிப்பிடு, சில்வர் ஓக் பலகை என்றும் எழுது, அளவு, தாள், வருடம் போடு. ஒவ்வொரு அச்சின் கீழும் பென்சிலில் 2/8 (எட்டு அச்சில் இரண்டாவது) என்பது போல் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடப் பழகிக்கொள், பேனா வேண்டாம். ரேகை தெரிவது குறை இல்லை, அது வேண்டித்தான் நாங்கள் பலகையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்போம். திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால் மட்டும் மறுபடி எடு. அதற்கு மையை மெல்லியதாக இரண்டு முறை உருட்டு, தாளை லேசாக ஈரப்படுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போ. நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அச்சோடு பலகை ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போ. நம் ஆட்கள் முதலில் அதைத்தான் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள்.