அவல்ஷன்: 'தடம்பெயர்வு' பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

தெற்கு மெசபடோமியக் (இன்றைய தெற்கு ஈராக்) கட்டுரையில் 'அவல்ஷன்' (avulsion) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறோம். ஆறு தன் பழைய வழியைக் கைவிட்டுப் புதிய வழியில் ஓடத் தொடங்குவதுதான் அவல்ஷன். அதற்கு நம் குழுவில் முன்வைத்த 'நதி திசைமாற்றம்' எனக்கு ஒத்துவரவில்லை. ஆறு திசை மாற வேண்டியதே இல்லை. அதே தென்கிழக்காக, சில மைல் தள்ளி வேறு வழியில் ஓடினாலும் அது அவல்ஷன்தான்.

யூப்ரடீஸ் ஆறு கொண்டுவரும் வண்டல் அதன் அடியிலும் இரு கரைகளிலும் படிகிறது. போகப் போக ஆறே சுற்றியுள்ள நிலத்தைவிட மேடாகிவிடுகிறது. கரையை வெட்டிவிட்டால் போதும், இறைக்காமலே தண்ணீர் வயலுக்கு இறங்கும். சுமேரிய உழவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் வெள்ளத்தில் அதே கரை உடைப்பெடுத்தால், ஆறு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வழியிலேயே தங்கிவிடக்கூடும். பழைய வழி வறண்டுபோகும், அதை நம்பியிருந்த ஊர்களும் காலியாகும்.

பண்டைய சுமேரிய நகரமான எரிது இதற்கு நல்ல சான்று. கி.மு. முதலாயிரத்தின் தொடக்கத்தில் யூப்ரடீஸ் அந்த வட்டாரத்தை விட்டு விலகியது. பிற இடங்களில் புதிய வாய்க்கால்களும் வண்டலும் பழையவற்றை மூடிவிட்டன. எரிதுவில் ஆறு விலகிவிட்டதால் பழைய வாய்க்கால்கள் தப்பின. தொல்லியல் ஆய்வாளர் ஜாபர் ஜோதேரி குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில் 200க்கும் மேற்பட்ட பெரிய வாய்க்கால்களும் 4,000க்கும் மேற்பட்ட கிளை வாய்க்கால்களும் வரைபடமாகியுள்ளன. ஆறு போனதால்தான் நமக்கு இவ்வளவும் கிடைத்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். முதலில் 'ஆற்றுப்பெயர்வு' என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படிக்கும்போது 'ஆற்றுப்பெயர்' என்று கண்ணில் படுகிறது. 'தடம்புரள்வு' என்றால் ரயில் விபத்துதான் நினைவுக்கு வரும். அதனால் தடம்பெயர்வு என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'யூப்ரடீஸ் தடம்பெயர்ந்தது' என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. ஊர் மக்களின் இடப்பெயர்வும் அதே பத்தியில் பேசப்படுவதால் இரண்டும் ஒலியிலும் பொருந்துகின்றன.

ஆற்றின் வளைவுகள் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகர்வது வேறு. அதற்கு 'வளைவு நகர்வு' போதும். ஆறு விட்டுச்சென்ற வழி 'பழந்தடம்'. அப்புறம், உடைப்பு வழியே வெளியேறிய வண்டல் விசிறிபோலப் பரவிக் கிடக்குமே, அதை 'உடைப்பு விசிறி' எனலாமா? காவிரிக் கரையில் பிறந்தவர்கள் வேறு பெயர் கேட்டிருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்