சீட் கோட், காட் மோட்: தமிழில் எப்படி?

> ‘சீட் கோட்’ = ஏமாற்றுக் குறி, ‘காட் மோட்’ = சாகாவரம். கணினி விளையாட்டுச் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வணக்கம். சீட் கோட் என்பது ஆட்டத்தின் விதியைத் தளர்த்த அடிக்கும் ரகசிய விசைத்தொடர்; காட் மோட் என்பது வழக்கமாக, ஆடுபவருக்குச் சேதம் ஆகாத நிலை. இவற்றுக்கு நீங்கள் தந்த இரண்டு சொற்களையும் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

தனியாக ஆடும் ஆட்டத்தில் ஏமாறுபவர் யார்? குறியை உள்ளே வைத்ததே ஆட்டத்தை உருவாக்கியவர்கள்தான். கொனாமி நிறுவனத்தின் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை 1986-இல் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கு அந்த ஆட்டம் மிகக் கடினமாக இருந்தது. சோதனைக்காக அவர் ஒரு விசைத்தொடரை வைத்தார்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கொனாமி கோட் என்று பெயர் பெற்றது அதுதான். கான்ட்ரா என்ற ஆட்டத்தின் முகப்புத் திரையில் இதை அடித்தால் 3 உயிர் 30 ஆகிவிடும். விதியை வகுத்தவரே தரும் விலக்கு இது. ஆகவே ‘விதிவிலக்குக் குறி’ என்கிறேன்.

பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டத்தில் தானாகக் குறிவைக்கும் நிரல், சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் நிரல் இவை வேறு சங்கதி. அங்கே எதிராளி உண்மையிலேயே ஏமாறுகிறார். அதற்குக் ‘கள்ளாட்டம்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

> ‘விலக்குக் குறி’ என்று சுருக்கலாமே? ஆட்டத்தின் பட்டியில் (மெனுவில்) இடம் குறைவு.

சுருக்கினால் பொருள் கெடும். வரிவிலக்கில் ‘விலக்கு’ சலுகை. மதுவிலக்கில் அதுவே தடை. இடம் போதாவிட்டால் ‘குறி’யை விட்டுவிடுங்கள்: ‘விதிவிலக்கு: உண்டு / இல்லை’.

‘சாகாவரம்’ அழகான சொல்தான், ஆனால் பொருந்தாது. டூம் (1993) என்ற சுடும் ஆட்டத்தில் ஐடிடிக்யூடி (IDDQD) என்ற காட் மோட் குறியை அடித்தபின் குண்டும் தீயும் ஒன்றும் செய்யாது. ஆனாலும் ஒரே அடியில் 1000 புள்ளிக்குக் குறையாத சேதம் வந்தால் சாவு நிச்சயம். நீங்கள் நிற்கும் இடத்தில் இன்னொருவர் இடப்பெயர்வு வாசல் வழியாக வந்து இறங்கும்போது நடப்பது அதுதான். எனவே ‘அடிபடா நிலை’ போதும்.

ஹேடீஸ் என்ற ஆட்டத்திலும் காட் மோட் உண்டு. ஆனால் அங்கே சேதம் முதலில் 20% குறையும்; ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2% சேர்ந்து 80%-இல் நிற்கும். அடியும் படும், சாவும் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இதை ‘துணை நிலை’ என்றே தமிழாக்க வேண்டும். ஆட்ட வேகத்தை 50% வரை குறைக்கவிடும், செலஸ்ட் என்ற ஆட்டத்தின் அசிஸ்ட் மோடும் இதே வகை.

> வேறொரு நிரலைக் கொண்டு, வெளியிலிருந்து ஆட்டத்தின் மதிப்பை (தோட்டா, உயிர் போன்றவற்றின் எண்ணை) மாற்றுவதற்கு என்ன சொல்வது?

‘நினைவகத் திருத்தம்’. செய்முறையைப் பார்த்தால் இந்தச் சொல்லே போதும் என்று தெரியும். திரையில் தோட்டா 30 என்றால், நினைவகத்தில் 4 பைட் முழு எண்ணாக 30-ஐத் தேட வேண்டும். ஒன்றைச் சுட்டுவிட்டு, கிடைத்தவற்றுள் 29-ஐத் தேட வேண்டும். ஓரிரு முகவரி மிஞ்சும்வரை இப்படியே வடிகட்டி, மதிப்பைப் பூட்டிவிடலாம். உயிர்ப்பட்டை பெரும்பாலும் தசம எண்ணாக இருப்பதால் முழு எண் தேடலில் சிக்காது. சில சமயம் கிடைப்பது திரைக்கான நகல் மட்டுமே. அதை மாற்றினால் திரையில் எண் மாறும், ஆனால் உண்மையில் தோட்டா அதிகரிக்காது. ஆட்டத்தை மறுபடி தொடங்கினால் முகவரியும் மாறக்கூடும். அதனால் ‘மதிப்புப் பூட்டு’, மாறும் முகவரியைக் காட்டித்தரும் ‘முகவரிச் சுட்டி’ இரண்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தில் காட்டும் எச்சரிக்கை வரிகளில் கவனம் தேவை. மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பில் ஓர் உலகத்தில் சீட் (cheat) வசதியை ஒருமுறை இயக்கினால், பிறகு அணைத்தாலும் அந்த உலகத்தில் சாதனைகள் கிடைக்காது. ‘இயக்கினால் சாதனைகள் கிடைக்காது’ என்று மட்டும் எழுதினால், அணைத்தால் திரும்ப வரும் என்று ஆடுபவர் நினைப்பார். என் பரிந்துரை: ‘விதிவிலக்கை ஒருமுறை இயக்கினால், பின்னர் அணைத்தாலும் இந்த உலகத்தில் சாதனைகள் கிடைக்காது.’