போர்வையைத் தின்ற மாடு: ஐரிஷ் மெட்டுகளுக்கு ஏன் இப்படிப் பெயர்?

கேள்வி:
திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். வயலின் பழகும் மகளுக்கு இப்போது ஐரிஷ் மெட்டுகளில்தான் பைத்தியம். 'போர்வையைத் தின்ற மாடு', 'உருளைக்கிழங்குக் குழிக்குள் ஆண் வாத்து', 'தூங்கிவழியும் மேகி' என்று பட்டியல் வைத்திருக்கிறாள். உண்மையாகவே இவைதான் பெயர்களா?

பதில் 1:
உண்மைதான் அண்ணா. இவை ஆட்டத்துக்கு வாசிக்கிற மெட்டுகள், பெரும்பாலானவற்றுக்குப் பாடல் வரிகளே இல்லை, அதனால் பெயர் வெறும் அடையாளம்தான், வாயில் வந்ததை வைத்துவிடலாம். ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர், ஒரே பெயரில் வெவ்வேறு மெட்டுகளும் உண்டு. சிகாகோ பொலிஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903-இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 1850 மெட்டுகள். பெயர்களை வாசிக்கவே ஒரு நாள் வேண்டும்!

பதில் 2:
திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் பொலித்தீன் பையை மெல்லுவதைப் பார்த்த நமக்கு மாடு போர்வையைத் தின்றால் என்ன அதிசயம்? அந்த மாட்டு மெட்டு ஜிக் என்ற ஆட்ட வகை, திஸ்ர நடைபோல மூன்று மூன்றாகத் தட்டிப் பாருங்கள், பிள்ளைக்கு உடனே பிடிபடும். 'தூங்கிவழியும் மேகி' ரீல் என்ற வேறு ஆட்ட வகை, நான்கு நான்காக ஓடும்.

கேள்வி கேட்டவர்:
சரி தம்பி, மாட்டிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.