ராயல் அக்வா மாஸ்டர்: திறக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

கெல்ப்காடு:
போன சனிக்கிழமை சான் டியாகோவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் யு.எஸ். டைவர்ஸ் ராயல் அக்வா மாஸ்டர் ஒன்று கிடைத்தது. வாயின் இருபுறமும் கருப்பு ரப்பர் குழாய் போய் முதுகுக்குப் பின்னால் சேரும் அந்தப் பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்தான், டேங்க் காற்றை மூச்சு விடும் அளவுக்குக் குறைத்துத் தரும் டைவிங் கருவி. காலமான கணவருடையது என்றார் விற்ற அம்மா. குரோம் பூச்சு பரவாயில்லை. டேங்கோடு இறுக்கும் யோக் திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. குழாய் மடிப்புகளில் வெடிப்பு, வாய்க்கட்டை கல்லாக இறுகிவிட்டது. ரப்பரையெல்லாம் மாற்றி லா ஹோயா கடலில் ஒருமுறையாவது இதோடு இறங்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. குரோமும் புதிதாகப் பூசக் கொடுக்கலாமா என்று யோசனை. நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

களிம்பு_காப்பான்:
குரோம் பூசக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பூசுவதற்கு முன் பழைய பூச்சை உரித்து, மெருகுச் சக்கரத்தில் தேய்ப்பார்கள். உடம்பில் அடித்திருக்கும் எழுத்துகளின் விளிம்பு அதோடு மழுங்கிவிடும். 1970களின் தொடக்கத்தோடு இந்த மாடலைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இருப்பது இருப்பதுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. 1955இல் வந்த மிஸ்ட்ரால் என்ற இன்னொரு இரட்டைக் குழாய் மாடலின் ஒரு கூடு என்னிடம் இருந்தது. களிம்பு போகட்டும் என்று ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பூச்சு விட்டுப்போன இடமெல்லாம் இளஞ்சிவப்புத் திட்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலம் துத்தநாகத்தை அரித்துச் செம்பை விட்டுவைத்தது. அந்த இடத்தில் உலோகமே பஞ்சாகிவிட்டது, திரும்ப வராது. புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்க இது வீட்டுப் பித்தளைச் சொம்பு இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு, மெல்லிய பிரஷ். அதோடு நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

ஆழ்மூச்சு:
அமிலம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கண்ணாடிப் பெட்டியை ஏற்க மாட்டேன்.

இது என்ன பொருள் என்று யோசியுங்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பிரான்சில் கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். எஞ்சின் கேட்கிற அளவு மட்டும் வாயுவைக் கொடுக்கும் வால்வு ஒன்றை ஏர் லிக்கீட் நிறுவனப் பொறியாளர் எமில் கன்யான் வைத்திருந்தார். அதை மனிதனின் மூச்சுக்கு மாற்றி, 1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் கடலாய்வாளர் கூஸ்தோ இறங்கிப் பார்த்தார். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகப் பீறிட்டது, தலைகீழாகப் போனால் இழுக்கவே முடியவில்லை. மூச்சு வெளியேறும் இடமும், மூச்சு இழுப்பை உணர்ந்து வால்வைத் திறக்கும் டயாஃப்ரம் சவ்வும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. வெளிமூச்சுக்கு என்று இரண்டாவது குழாய் முதுகுவரை திரும்பிப் போவது அதனால்தான். அந்தக் குழாய் ஏன் அங்கே இருக்கிறது என்பது அலமாரியில் வைத்துப் பார்த்தால் விளங்காது, அதில் மூச்சு விட்டால்தான் விளங்கும்.

குமிழி எல்லாம் பின்கழுத்துப் பக்கம் போய்விடும். காதருகே சத்தம் குறைவு, முகத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன் பக்கத்தில் வரும். கேமராவோடு இறங்குகிறவர்கள் இன்றும் இதைத் தேடுவதற்கு அதுதான் காரணம். அதிலும் உங்களுடையது ராயல். டேங்க் காற்றை முதலில் குறைப்பது முதல் நிலை, வாய்க்குக் கொடுப்பது இரண்டாம் நிலை, நடுவில் இருப்பது இடைநிலை அழுத்தம். முந்தைய டிஏ அக்வா மாஸ்டர் மாடலில் டேங்க் காலியாகக் காலியாக அந்த அழுத்தம் நகரும். ராயலின் முதல் நிலை சமன்செய்யப்பட்டது, கடைசிவரை மூச்சு ஒரே மாதிரி வரும். இவ்வளவு நல்ல இயந்திரத்தை ஊமையாக்கி உட்கார வைப்பதா?

சிலிக்கோன் டயாஃப்ரம், வெளிமூச்சை மட்டும் போகவிடும் சிலிக்கோன் டக்பில் வால்வு, புதுக் குழாய் எல்லாம் இன்று வாங்கக் கிடைக்கின்றன. மாற்றுங்கள். கழற்றிய பழையதை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு யாருக்கு வேண்டுமானாலும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

களிம்பு_காப்பான்:
திருப்பி மாட்டலாம் என்பது சொல்ல எளிது. அறுபது வருட ரப்பரைக் குழாய்க் கழுத்திலிருந்து இழுத்தால் முழுதாக வராது, துண்டு துண்டாக வரும். டப்பாவில் எதைப் பத்திரப்படுத்துவீர்கள்?

சர்வீஸ்_பெஞ்ச்:
நான் இருபது வருடமாக ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிறவன். அழகைப் பற்றிப் பேச வரவில்லை.

கெல்ப்காடு சார், அந்த ரெகுலேட்டரில் பிரஷர் கேஜுக்கு இடம் கிடையாது. ஆக்டோபஸ் என்கிற உபரி வாய்க்கட்டை மாட்டவும் இடமில்லை, பிசிடி என்கிற மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று எடுக்கவும் இடமில்லை. டேங்கில் மிச்சம் எவ்வளவு என்பதை அந்தக் காலத்தில், கொஞ்சம் காற்றை மிச்சம் பிடித்து வைக்கும் ஜே வால்வுதான் சொல்லும். மூச்சு இறுகும், கம்பியை இழுப்பார்கள், மேலே வருவார்கள். கம்பி ஏற்கெனவே எதிலாவது மாட்டி இழுபட்டிருந்தால் அந்த மிச்சக் காற்றும் இருக்காது.

அழுத்தத்தையும் பாருங்கள். இது 2250 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்னும் அளவு) இரும்பு டேங்க் காலத்துச் சாமான். இன்றைய அலுமினியம் 80 டேங்க் 3000. இடைநிலை அழுத்தம் இதில் சுமார் 110 பிஎஸ்ஐ, இன்றைய இரண்டாம் நிலைகள் 135, 140 எதிர்பார்க்கும். கேஜ் போட்டுப் பார்க்கும்போது முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறினால் வால்வை அடைக்கும் சீட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்கடியில் அது வாயில் பீறிடும். வெடித்த குழாயோ, ரப்பர்த் தூளை நேராக நுரையீரலுக்கு அனுப்பும். அதைப் போட்டு ஒருமுறைகூட மூச்சு இழுத்துப் பார்க்காதீர்கள், கரையில்கூட.

ஆழ்மூச்சு:
கேஜ், ஆக்டோபஸ் பிரச்சினைக்குத் தீர்வு இருக்கிறதே. ராயலுக்கென்றே பீனிக்ஸ் என்ற மாற்றுப் பாகம் செய்தார்கள். அதை மாட்டினால் இவற்றை இணைக்கும் துளைகள் கிடைத்துவிடும். பழைய கூடு அப்படியே இருக்கும்.

களிம்பு_காப்பான்:
குழாய் புதிது, டயாஃப்ரம் புதிது, உள்ளே பீனிக்ஸ் பாகமும் புதிது. மிஞ்சுவது இரண்டு தகரமூடியும் ஒரு லேபிளும். இரட்டைக் குழாய் அனுபவம்தான் வேண்டுமென்றால் இந்தக் காலத்திலும் புதிதாகச் செய்தவை இருக்கின்றன, அதில் ஒன்றை வாங்கி மனம் நிறைய இறங்குங்கள். இதை ஏன் அறுக்க வேண்டும்?

திருமலை_தம்பி:
அண்ணைமார், இடையில் ஒரு விஷயம். எங்கட திருகோணமலையில் 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே இறங்கித்தான் பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள். போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோயில். அதைக் கண்டது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கருவியால் மூச்சு விட்டார்கள், அது பிறகு எங்கே போனது என்று இங்கே யாரைக் கேட்டாலும் தெரியாது. என் மாமாவும் சங்கு குளித்தவர். அவருடைய ரெகுலேட்டரைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிட்டோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போதும் மனம் ஆறவில்லை.

அதனால் கெல்ப்காடு அண்ணை, திறக்கிறதா இல்லையா என்று கதைக்க முதல் அந்த அம்மாவிடம் திரும்பப் போங்கள். அவருடைய கணவர் எங்கே இறங்கினார், எப்போது வாங்கினார், குறிப்புப் புத்தகம், படம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

சர்வீஸ்_பெஞ்ச்:
இது நல்ல யோசனை. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்றும் கேளுங்கள்.

கெல்ப்காடு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்து இரண்டு மணி நேரம் பேசினார். கணவர் பத்து வருடம் முன்புவரை லா ஹோயாவில் இதோடுதான் இறங்கினாராம், முழங்கால் விட்டுப்போகும்வரை. புகைப்படம் ஒன்று தந்தார். கெல்ப் பாசிக்கு நடுவில், இரண்டு குழாயும் தெரிய, பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கரிபால்டி மீனோடு.

அப்புறம் கூட்டின் கிளிப்புகளைக் கழற்றினேன். உள்ளே டக்பில் வால்வு மெத்தென்று, கண்ணாடி மாதிரி இருக்கிறது. சிலிக்கோன். டயாஃப்ரமும் அப்படியே. அவரே எப்போதோ மாற்றியிருக்கிறார். குழாய் மட்டும்தான் பழசு.

ஆழ்மூச்சு:
அப்படியானால் அதன் சொந்தக்காரரே பதில் சொல்லிவிட்டார்.

களிம்பு_காப்பான்:
அவர் தன் கருவிக்குச் செய்தார், அதில் எனக்கு மறுப்பில்லை. அவர் மாற்றிய பாகங்களும் இப்போது அதன் கதைதான். அவற்றையும் தூக்கி எறியாதீர்கள். குரோமில் கை வைக்காதீர்கள் என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

கெல்ப்காடு:
குரோம் பூசுவதில்லை, முடிவு செய்துவிட்டேன். பீனிக்ஸும் வேண்டாம். புதுக் குழாய் போட்டு, சீட்டும் ஓ-ரிங்கும் சர்வீஸ் செய்துகொண்டு, தனிச் சிறு டேங்க்கில் இன்றைய ரெகுலேட்டரையும் கேஜையும் கூடவே எடுத்துப் போகிறேன். ஆழம் பத்து மீட்டருக்குள்தான். பழைய குழாய்களை எப்படிக் கழற்றுவது?

சர்வீஸ்_பெஞ்ச்:
தனி டேங்க் என்றால் சரி. ஆனால் முதலில் நீச்சல்குளம். வாய்க்கட்டையைக் கழற்றித் தண்ணீர் புகவிட்டு, இடது பக்கம் உருண்டு, வெளிமூச்சுக் குழாய் வழியாக ஊதி வெளியேற்றப் பழகுங்கள். அது கைவராமல் கடல் பக்கம் போக வேண்டாம். முதுகில் ரெகுலேட்டர் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அது முதுகில் மேலே ஏற ஏற, குப்புற நீந்தும்போது மூச்சு இழுக்கக் கடினமாகும்.

களிம்பு_காப்பான்:
குழாயை இழுக்காதீர்கள். வெந்நீரில் முக்கிய துணியைக் கழுத்தில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டு, மரக்குச்சியை மெல்ல உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றிக் கிளப்புங்கள். கழன்று வந்ததும் டால்க் தூவி, மடிக்காமல் நேராகக் கிடத்தி, வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். அந்தப் புகைப்படத்தின் பிரதி ஒன்றையும் அதே பெட்டியில் போடுங்கள்.